முதலில் சாப்பிடுவது இதயம்

ஏனோசாவின் தலை ஆடுவதை ஊரே பார்த்தது. ஆனால் அது பாட்டுக்கு ஆடவில்லை என்று கண்டுபிடித்தவள் அவன் மனைவி ஃபுவாதினோ மட்டும்தான்.

அவன் பஸ் ஓட்டுகிறவன். தீவின் தென்கரையிலிருந்து தலைநகர் ஆப்பியாவின் சந்தைக்குப் போய்வரும் மரப்பலகை பஸ். உள்ளே பாட்டு காதைக் கிழிக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவன் லேசாக, விடாமல், தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவான். சந்தைக்குக் கிழங்கு மூட்டையோடு ஏறுகிற பெண்கள், "பாரு, பாரு, மாப்பிள்ளை தாளம் போடறாரு" என்று பின்னாலிருந்து கிண்டல் செய்வார்கள். அவனும் கண்ணாடியில் பார்த்துப் பல்லைக் காட்டுவான்.

சாயங்கால ஜெபத்தில்தான் குட்டு உடைந்தது. சங்கு ஊதியதும் ஊர் அடங்கிவிடும். தெருவில் நடக்கக்கூட ஆளிருக்காது. பாயில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது ஃபுவாதினோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பாட்டு இல்லை, பஸ் இல்லை, ஆனாலும் அவன் தலை அதே கணக்கில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கழுத்தில் நரம்பு துள்ளுவது எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. ஆமென் சொல்லி முடித்ததும் அவன் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

சின்ன வயதில் அவனுக்குத் தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டி வீங்கி, மாதாமாதம் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் வரும் நாளில் ஏனோசா ஈரப்பலா மரத்தின் உச்சியில் இருப்பான். கீழே நின்று நர்ஸ் கத்துவாள், மேலேயிருந்து இவன் பாடுவான். இன்றைக்கும் அதைச் சொல்லி ஊர் சிரிக்கும். தொண்டையில் வந்தது நெஞ்சுக்குள் இறங்கிக் கூடு கட்டும் என்று அந்த நர்ஸ் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஃபுவாதினோ சவாயி தீவிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள். வாழ வந்தவளுக்கு இங்கே என்ன இடம் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பரிமாறுவாள். சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஈ மொய்க்காமல் விசிறி வீசுவாள். பெரியவர்கள் முடித்து, விருந்தாளிகள் முடித்து, புருஷன் வீட்டார் முடித்து, குழந்தைகள் முடித்த பிறகு, தட்டில் மிஞ்சியதைச் சமையல்கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்குக் குழந்தை இல்லாததால் அந்த வீட்டில் அவள் கால் ஊன்றிக்கொள்ள ஏனோசா ஒருவன்தான் இருந்தான். ஏனோசாவின் அக்கா லூசியாதான் வீட்டை ஆண்டாள். கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆப்பியா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுவைக்காகக் கடல் கடந்து ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். கூட ஃபுவாதினோ போனாள். அங்கே அறுவை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் தீவுக்கார நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று எங்கள் மொழியில் சொன்னாள்.

"இதயத்திலிருந்து கிளம்புற பெரிய குழாய் இது. உடம்பிலேயே பெரிசு. மேலே ஏறி, குடைக் கைப்பிடி மாதிரி வளைஞ்சு, முதுகுப் பக்கமா வயித்துக்கு இறங்குது. வளைவுலேருந்து தலைக்கும் கைக்கும் கிளை போகுது. குழாய் ஆரம்பிக்கிற இடத்துல மூணு இதழ் வெச்ச கதவு. ரத்தம் வெளியே போனதும் பட்டுனு மூடணும். உங்களுக்கு இதழ் மூணும் சுருங்கித் தடிச்சுப் போச்சு. வெளியே போன ரத்தத்துல பாதி திரும்பி உள்ளே விழுது. இதயம் அதையும் சேர்த்து மறுபடி ஓங்கித் தள்ளுது. அந்தத் தள்ளுலதான் தலை ஆடுது."

"அப்போ நான் நல்ல பாட்டுக்காரன் இல்லையா?" என்றான் ஏனோசா.

டாக்டர் பேனாவால் கதவை ஒட்டி மேலே இரண்டு புள்ளி வைத்தார். குழாயின் முதல் கிளைகள் அவைதான் என்றார். அவை வேறெங்கும் போகவில்லை, திரும்பி இதயத்தின் மேலேயே படர்ந்தன. ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயம் தனக்கு வேண்டியதை அந்த இரண்டு வாய் வழியாக முதலில் எடுத்துக்கொள்ளும்.

ஏனோசா வாயைப் பிளந்தான். "அடேயப்பா! பரிமாறுறவனே முதல்ல சாப்பிடுறானா? எங்க ஊர்ல இப்படிச் செஞ்சா முதுகுத் தோலை உரிச்சிடுவாங்க!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே டாக்டரிடம் சொல்ல, அவரும் சிரித்தார். "அது சாப்பிடலேன்னா யாருக்கும் பரிமாற முடியாதே" என்றார்.

"கேட்டியா தினோ? பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. ஊருக்குப் போனதும் இனிமே நீதான் முதல்ல சாப்பிடணும்."

"ஆமா, சாப்பிடுறேன். பக்கத்துல உட்கார்ந்து உன் அக்கா எனக்கு விசிறி வீசுவாங்க" என்றாள் ஃபுவாதினோ.

லூசியா விசிறியோடு உட்கார்ந்திருப்பதை நினைத்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெஞ்சைப் பிளக்கப்போகிற ஆள் சிரிக்கிற சிரிப்பா அது!

பழைய கதவை வெட்டியெடுத்து உலோகக் கதவு வைத்தார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அந்த நர்ஸ் ஃபுவாதினோவைத் தனியே உட்கார வைத்தாள். "புதுக் கதவுல ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த மாத்திரை, சாகிற வரைக்கும். பச்சை இலை மாத்திரைக்கு எதிரி. சாப்பிடவே கூடாதுன்னு இல்லம்மா. சாப்பிடுற அளவை மாத்தாதீங்க. மாத்தினா உடனே போய் ரத்தத்தைக் காட்டுங்க, மாத்திரையைக் கூட்டிக் குடுப்பாங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள். ஆனால் மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான்: பச்சை இலை எதிரி. மிச்சமெல்லாம் விமானத்திலேயே உதிர்ந்துவிட்டது.

ஊர் திரும்பிய முதல் ஜெபத்தில், எல்லாரும் மௌனமாக இருக்கும்போது, டிக் டிக் என்று சத்தம் கேட்டது. லூசியா கண்ணைத் திறக்காமலே, "எவன்டா ஜெபத்துக்குக் கடிகாரத்தோட வந்தவன்?" என்றாள்.

"நான்தான் அக்கா. உள்ளே மாட்டி அனுப்பிட்டாங்க, கழட்ட முடியாது."

ஜெபம் பாதியில் நின்றுபோய்ச் சிரிப்பில் முடிந்தது. அவன் தலை ஆடாமல் நேராக நின்றது. ஃபுவாதினோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் வந்ததில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஞாயிறு விடிகாலையில் வீட்டுக்கு வீடு கல்லடுப்பு புகையும். ஆண்கள் கல்லைக் காய வைத்து, மேலே கிழங்கும் மீனும் இலைப் பொட்டலங்களும் அடுக்கி மூடுவார்கள். அந்தப் பொட்டலத்தின் பெயர் பாலுசாமி. பெயரைக் கேட்டு உங்களூர் ஆள் யாரோ என்று சிரிக்க வேண்டாம். இளம் சேப்ப இலையில் கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் உப்பும் ஊற்றிச் சுருட்டி வேகவைத்தது. வாயில் வைத்தால் கரையும். கோவில் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதல் பங்கு போதகர் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து ஒரு பொட்டலம் யார் வீட்டுக்காவது திரும்பி வந்தால், அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

போதகரின் மனைவி மாரியெத்தாவை ஊரில் எல்லாரும் மரியாதையாக ஃபலேதுவா என்றுதான் அழைப்பார்கள். தங்கமான மனுஷி. செத்துப் பிழைத்து வந்த பிள்ளை, எலும்பும் தோலுமாக இருக்கிறான் என்று அவளுக்குத் தாளவில்லை. தன் மேசையிலிருந்தே பாலுசாமி எடுத்து அனுப்பினாள். போதகர் வீடே அனுப்பும்போது மற்ற வீடுகள் சும்மா இருக்குமா? வாரநாளிலும் வர ஆரம்பித்தது. ஊரின் அன்பெல்லாம் பச்சை இலையில் சுற்றி வந்தது.

"வேண்டாம் ஏனோசா. நர்ஸ் சொன்னது ஞாபகமிருக்கா?" என்றாள் ஃபுவாதினோ.

"ஒரு வாய் தினோ. ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துக் கிடக்கு."

ஒரு வாய் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். சாயங்காலம் சுடவைத்துத் தருவதாக வீட்டாரிடம் சொல்லிக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். தன்னால் முடிந்ததைத் தின்றாள். மிச்சத்தை நாய்க்கு வைத்தாள். இப்படிச் சில வாரம் ஓடியது. ரத்தம் பார்க்க மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, வாயாடி நர்ஸ் அசெனாதி, "பரவாயில்லையே, ஒழுங்கா இருக்கீங்களே" என்று முதுகில் தட்டினாள்.

ஆனால் தூணும் கூரையுமாக நிற்கிற எங்கள் வீடுகளுக்குச் சுவர் ஏது? போகிற வருகிறவர்கள் கண்ணெல்லாம் உள்ளேதான். குளத்துக்குப் போன பக்கத்து வீட்டுக்காரி, நாயின் வாயில் போதகர் வீட்டுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள். சங்கு ஊதுவதற்குள் கடைசி வீடு வரை சேதி போய்விட்டது.

லூசியா கொட்டகைக்கே வந்து நின்றாள். "ஃபலேதுவா கையால குடுத்ததை நாய்க்குப் போடுறியா? எங்க மானத்தை வாங்கத்தான் சவாயிலேருந்து வந்தியா?"

"அண்ணி, டாக்டர் பச்சை இலை..."

"என்ன பச்சை இலை? எங்க அப்பா தின்னாரு, தாத்தா தின்னாரு. இலை தின்னு செத்தவன் ஒருத்தனைக் காட்டு! என் தம்பி வத்திப் போய்க் கிடக்கான், அவன் வாய்லேருந்து பிடுங்கி நாய்க்குப் போடுறா. நீ பொண்டாட்டிதானா?"

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது. காலைப் பிடித்தாவது, கத்தியாவது சொல்லியிருக்கலாம். ஆனால் புருஷன் வீட்டில், அவனுடைய அக்காவை எதிர்த்து, போதகர் மேசைச் சாப்பாடு விஷம் என்று வாழ வந்தவள் ஒருத்தி எப்படிச் சொல்வாள்? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபலேதுவா திட்டியிருந்தால்கூட ஃபுவாதினோ தாங்கியிருப்பாள். அவள் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு முன்னைவிடப் பெரிய பொட்டலமாக அனுப்பி, கூடவே சொல்லியும் அனுப்பினாள்: "போன தடவை பால் திரிஞ்சு போயிருக்கும் போல. அந்தப் பொண்ணை மன்னிச்சுக்கச் சொல்லு. இதை நானே பக்கத்துல நின்னு சுருட்டச் சொன்னேன்."

அதைக் கேட்டு ஃபுவாதினோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொட்டலத்தை எடுத்து ஏனோசாவின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறியை எடுத்தாள்.

அவன் சாப்பிட்டான். இலை நரம்பைக்கூட விடாமல் சாப்பிட்டான். விரலை நக்கிவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டே அதுதான். அன்று முதல் வருவதையெல்லாம் சாப்பிட்டான். கன்னத்தில் சதை பிடித்தது. பஸ்ஸை மறுபடி ஓட்ட ஆரம்பித்தான். ஃபுவாதினோவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். புருஷன் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? நர்ஸ் பெரிதாக்கிச் சொல்லியிருப்பாள் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

ரத்தம் பார்க்கும் நாள் வந்தது. போனால் அசெனாதி கேட்பாள். இலை தின்றான் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் கிழித்துவிடுவாள். ஃபலேதுவாவின் பெயரும் அடிபடும். ஃபுவாதினோ மழை என்றாள். அடுத்த முறை டயர் சரியில்லை என்றாள். ஈரப்பலா மரத்தில் ஏறி ஊசிக்குத் தப்பியவனுக்குக் கசக்குமா? "அதுக்கென்ன, அடுத்த வாரம் போயிக்கலாம்" என்றான். போயிருந்தால் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். இலையும் தின்றிருக்கலாம், உயிரோடும் இருந்திருக்கலாம். அதைத்தான் ஆக்லாந்து நர்ஸ் சொல்லியிருந்தாள்.

ஒரு திங்கள் காலை, முதல் நடைக்கு முன்னால் அவன் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "தினோ, கொஞ்சம் தண்ணி" என்றான். அவள் கொண்டுவருவதற்குள் ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. "நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க" என்றான்.

லூசியாவின் புருஷன் பஸ்ஸை ஓட்டினான். அந்த பஸ் பாட்டில்லாமல் போனது அன்றைக்குத்தான். பின்சீட்டில் ஏனோசாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஃபுவாதினோ குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்திருந்தாள். டிக் டிக் என்று கேட்டது. நடுவில் தடுமாறியது, மறுபடி கேட்டது. "நில்லாதே, நில்லாதே" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே வந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளிவிட்டு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். ரத்தம், மாத்திரையே சாப்பிடாத ஆளுடைய ரத்தம் மாதிரி இருந்ததாம். உலோகக் கதவில் கட்டிய உறைவு பிய்ந்து, கதவுக்கு மேலேயுள்ள அந்தச் சின்ன வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். எந்த வாய் என்று ஃபுவாதினோ கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அசெனாதி அவளை ஓரமாக அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவே இல்லை. "இலை சாப்பிட்டானாடி?" என்று மட்டும் கேட்டாள். ஃபுவாதினோ ஆமாம் என்று தலையசைத்தாள். பின்னால் லூசியா நின்றிருந்ததை இருவருமே பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு ஊர்கள் திரண்டு வந்தன. பாய்கள் வந்தன, பன்றிகள் வந்தன, பேச்சுகள் நடந்தன. ஃபுவாதினோ வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினாள், விசிறி வீசினாள். பிள்ளையில்லாத விதவை இனி தன் ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் துணியை மூட்டை கட்டி வைத்திருந்தாள். லூசியாவின் நீள வாய் அடங்கிக் கிடந்ததைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டது எப்படியோ ஃபலேதுவாவின் காதுக்கும் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, கோவில் விட்டதும் அவளே நேரில் வந்தாள். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பொட்டலம். எழவு வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதே என்று எடுத்துவிட்டாள், வழியிலேயே அதைப் பார்த்து நடுங்கியிருக்கிறாள். பாயில் உட்கார்ந்ததும் அதை முன்னால் வைத்துவிட்டு, தொட்டால் சுடும் என்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். வீட்டார் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஃபுவாதினோ, என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்மா. இந்தக் கையால அனுப்பினதுதான் அவனைக் கொன்னுதா? நான்தானே திரும்பத் திரும்ப அனுப்பினேன்? நீ நாய்க்குப் போட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்க வேண்டாமா?" கிழவி தன் கையை விரித்துப் பார்த்தாள். "இனிமே நான் யாருக்கு எதை எடுத்து வைப்பேன்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் பட்ட அவமானத்துக்கெல்லாம் பதில் சொன்னதாகிவிடும். லூசியா தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தாள்.

"இல்ல ஃபலேதுவா" என்றாள் ஃபுவாதினோ. "உங்க இலை மேல ஒரு குத்தமும் இல்ல. இலை தின்னா ரத்தத்தைக் காட்டணும், மாத்திரையைக் கூட்டிக் குடுப்பாங்கன்னு எனக்குச் சொல்லித்தான் அனுப்பினாங்க, அதை மறந்து தொலைச்சது நான். கூட்டிட்டுப் போகாதது நான். வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டிலேயே வெச்சிருந்தது நான். நீங்க போட்ட சாப்பாட்டை அவன் எவ்வளவு ஆசையாத் தின்னான் தெரியுமா?"

ஃபலேதுவா நம்பாமல் அழுதுகொண்டேயிருந்தாள். ஃபுவாதினோ கையை நீட்டிப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தாள். போதகரின் மனைவி உட்கார்ந்திருக்க, வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, யாரும் ஒரு வாய் தொட்டிராதபோது, இலையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அவள் முதலில் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு குழந்தை, "ஐயோ" என்றது. கண்ணீர் இலையில் விழுந்தது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

தேங்காய்ப்பால் வாசனைக்கு ஈக்கள் வந்தன. லூசியா எழுந்தாள். தூணில் செருகியிருந்த விசிறியை உருவிக்கொண்டு வந்து, ஃபுவாதினோவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வீச ஆரம்பித்தாள். ஆக்லாந்தில் சிரித்த சிரிப்பைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஃபுவாதினோ அந்த விசிறியைப் பார்த்தாள், லூசியாவைப் பார்த்தாள், பக்கத்தில் அவன் உட்காருகிற பாயைப் பார்த்தாள். இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

"உப்பு சரியா இருக்கு, ஃபலேதுவா" என்றாள்.

"சாப்பிடு" என்றாள் லூசியா. "மூட்டையை அப்புறம் பிரிச்சு வெச்சுக்கலாம். நீ முதல்ல சாப்பிடு."